வராதவர்களைக் கூப்பிடுகிற நாடகம்

எனக்கு நாடகம் பிடிக்காது. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் படுதாவுக்குப் பின்னால் ஏட்டோடு நின்று, வேஷக்காரர்களுக்கு மறந்துபோன வரியை எடுத்துக் கொடுத்தவள் நான். ராஜா வேஷக்காரர் இடது காலை மாற்றி வைத்தால் எந்த வரியில் தடுமாறுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்னால் போய் உட்கார்ந்து அந்த நாடகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதுகுகளைப் பார்த்தே பன்னிரண்டு வருஷம் போயிற்று.

நான் திருச்சி பாலக்கரைக்காரி. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, டிரெயினிங் முடித்த கையோடு ஆவூர்ப் பக்கத்தில் ஒரு வேதக்காரக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். மழை பெய்தால் நெல், பொய்த்தால் வரகு, அதுவும் தீய்ந்தால் கப்பல் என்று வாழ்ந்த ஊர். பங்குச் சாமியார் நடத்திய ஆரம்பப் பள்ளியிலேயே எனக்கு வேலையும் கிடைத்தது. வந்த அன்றிலிருந்து ஊருக்கு நான் டீச்சர். என் மாமியாரும் அப்படியேதான் கூப்பிட்டார். மரியாதை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். மற்ற வீட்டு மருமகள்களைத் தாயி என்றும் ஏ புள்ள என்றும் அதட்டுவதைக் கேட்ட பிறகுதான், என்னை இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அந்த ஊருக்குள் நான் நுழைந்த ஒரே வழி நாடக சபைதான். உயிர்த்த ஞாயிறான பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், கோயில் பொட்டலில், வேதத்துக்காக உயிரைக் கொடுத்த ஒரு வேதசாட்சியின் கதையை ஊரே சேர்ந்து நடத்தும். டிக்கெட் கிடையாது, வேஷக்காரருக்குக் கூலி கிடையாது. ஏர் ஓட்டுகிறவர்களும் கிணறு வெட்டுகிறவர்களும்தான் ராஜா, மந்திரி, சேனாதிபதி எல்லாம். பாஸ்குக்கு முந்தின தவசுக் காலத்து முதல் வாரம் ஒத்திகை தொடங்கிவிட்டால், வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத வீடுகள்கூடப் பேசியாக வேண்டும். ராஜாவும் மந்திரியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றால் தர்பார் எப்படி நடக்கும்? சபையின் ஜமுக்காளமும் பெட்ரோமாக்ஸ் விளக்கும்தான் ஊர்க் கல்யாணத்துக்கும் சாவுக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத ஆண்கள் பாடம் பண்ண என்னிடம் வந்து உட்கார்ந்து, போகிற போக்கில் கையெழுத்துப் போடவும் பழகிப்போனார்கள். பொம்பளை மேடையேறக் கூடாது என்பது சட்டம். படுதாவுக்குப் பின்னால் நிற்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லாததால் என்னை அங்கே நிறுத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த நாடகத்தில் கட்டியக்காரர். முதலில் மேடைக்கு வந்து, சபைக்கு வணக்கம் சொல்லி, வருகிற வேஷங்களுக்குக் கட்டியம் கூறி, நடுநடுவே ஊரைக் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பது அவர் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். வீட்டில் உப்பு இருக்கிறதா என்பதற்கு மேல் என்னோடு பேசாத மனிதர், அங்கே ஏறிவிட்டால் வாய் ஓயாது. ஊரோடு சேர்ந்து நானும் அவருடைய பேச்சை அங்கேதான் கேட்டேன். அவர்மேல் எனக்கு ஆசை வந்ததும் அங்கேதான். கையில் ஏட்டை வைத்துக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டில் அந்தச் சிரிப்பை அவரிடம் காட்டச் சந்தர்ப்பம் வந்ததில்லை.

நாற்பத்தெட்டில் ஒரு சங்கடம் வந்தது. நாடகத்தின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மகாராஜாவை வாழ்த்துகிற கட்டியம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தது. அந்த வருஷம் மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, மாதக் கடைசியில் நாடகம். இல்லாத ராஜாவை எப்படி வாழ்த்துவது என்று சபைத் தலைவர் கூட்டம் போட்டார். அவர்தான் மேடையில் ராஜா வேஷம் கட்டுகிறவர், அதனால் அவருக்கு இதில் கொஞ்சம் சொந்த வருத்தமும் இருந்தது. திருச்சிக் கலெக்டரை வாழ்த்தலாம் என்றார் ஒருவர். கலெக்டரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. டில்லியை வாழ்த்தலாம் என்றார் இன்னொருவர், டில்லி விருத்தத்தில் உட்காரவில்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றால் மத்தளக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்கு என்று அவருடைய தாத்தா காலத்து அடி ஒன்று இருக்கிறதாம், அதை அடிக்காமல் அவருக்குக் கை மேலே போகாதாம். முடிவு எடுக்காமலே கூட்டம் கலைந்தது. எங்கள் ஊர்க் கூட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை விளக்கேற்றும் நேரம் என் வீட்டுக்காரர் மேடைக்கு வந்தார். வணக்கம் ஆயிற்று. ராஜா கட்டியத்தின் இடம் வந்தது. மத்தளம் தன் அடியை அடித்துவிட்டு நின்றது. எடுத்துக் கொடுக்க என் ஏட்டில் வரி இல்லை. அவர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ராஜாதான் போயிட்டாரு. வேற யார் யாரெல்லாம் போயிருக்காகன்னு பாப்பமா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. அவர் கிழக்குத் தெருவிலிருந்து தொடங்கினார். ஊரில் நாலு பேருக்கு ஒரே பேர் இருக்கும் என்பதால் ஆளை வீட்டை வைத்துத்தான் சொல்வது வழக்கம். கிணத்தடி வீட்டு நடுப்பிள்ளை, சிலோன் தேயிலைத் தோட்டத்தில். ஓட்டு வீட்டு மூத்த பிள்ளை, ரங்கூன் போனவர், ஜப்பான்காரன் சண்டைக்குப் பிறகு தகவல் இல்லை. புளியமரத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், மலேயாவில். மூன்றாவது வீடு வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ரங்கூன் பிள்ளையின் தாய் பெண்கள் பக்கத்திலிருந்து, வருவான் என்றார். அடுத்த வீட்டைக் கூப்பிட்டபோது நாலைந்து பேர் சொன்னார்கள். தெரு முடிவதற்குள் பொட்டல் முழுக்க, வருவார் வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மத்தளக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பழைய ராஜ அடியை அடித்தார். அன்றைக்கு வேதசாட்சியின் தலை வெட்டுப்படும் காட்சியில் யாருக்கும் அழ மிச்சமிருக்கவில்லை.

அவர் விளையாட்டாகச் செய்தது அடுத்த வருஷமே சட்டமாகிவிட்டது. தவசுக் காலத்தில் வீடுகளிலிருந்து வந்து பதிந்துவிட்டுப் போனார்கள், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. முதல் பக்கம் ஊரைவிட்டுப் போயிருப்பவர்கள். இரண்டாம் பக்கம் அந்த வருஷம் செத்தவர்கள், அவர்களைக் கூப்பிடும்போது மத்தளம் அடிக்காது, கூட்டமும் பேசாது. பக்கத்து ஊர் இந்து வீடுகளிலிருந்தும் வந்து தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னார்கள். கப்பலேறியவன் எந்தச் சாமி கும்பிட்டால் என்ன என்று தலைவர் சேர்த்துக்கொண்டார். இரண்டே வருஷத்தில் அது ஆதாம் காலத்து வழக்கம் போல ஆயிற்று. பட்டியலில் விட்டுப்போனால் சண்டைக்கு வந்தார்கள். நிலப் பங்கு, சீட்டு, கல்யாணம் எல்லாவற்றுக்கும், நாடகத்தில் எந்தப் பக்கத்தில் கூப்பிட்டாங்க என்று கேட்கிற நிலை வந்தது.

ஐம்பதில் மழை இல்லை. திருமயம் பக்கத்து வியாபாரி ஒருவரின் பினாங்குக் கடைக்கு ஆள் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். போகும்போது என்னிடம், அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார், அந்த வருஷம் பாட்டு ஏட்டில் பூச்சி அரித்த இரண்டு பக்கங்களைப் புதிதாக எழுதி வைத்துவிடு என்றார். இரண்டையும் செய்தேன். அடுத்த நாடகத்துக்கு அவருடைய தம்பி கட்டியக்காரர் ஆனார். மடவளாகத்து வீட்டு மூத்த பிள்ளை, பினாங்கில் என்று தன் அண்ணனையே கூப்பிட்டார். ஊர் வருவார் என்றது. நானும் படுதாவுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னேன். அப்போது நம்பித்தான் சொன்னேன்.

இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. நான் எழுதியவை கிணற்றில் போட்ட கல். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டைக் கூப்பிடும்போது மட்டும் ஊர் கொஞ்சம் உரக்கச் சொன்னது. என்மேல் இருந்த பிரியம்தான், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பேர் சேர்ந்து ஒருத்திக்காக இரக்கப்படும் சத்தத்தைப் படுதாவுக்குப் பின்னால் தனியாக நின்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

ஐம்பத்துநாலில், பள்ளியில் மத்தியான மணி அடித்த நேரம், அன்னவாசல் ராவுத்தர் ஒருவர் குடையோடு வந்து வராந்தாவில் நின்றார். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளைகள் சாப்பிடப் போகும் வரை பொறுத்திருந்தார்.

"டீச்சரம்மா, ஒங்க வீட்டுக்காரரு நல்லாருக்காரு. ஆனா அங்க ஒரு குடும்பமா இருக்காருங்க. ரெண்டு புள்ளைக. நீங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கேட்டது ஒன்றுதான். இது என் மாமியாருக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார், தயவு செய்து சொல்லாதீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிங்கம்மா என்றார். மத்தியானப் பாடம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். தனிமை என்றால் ஆளில்லாத வீடு என்று நினைப்பார்கள். என் வீட்டில் ஆள் இருந்தது. மாமியாரும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே விளக்கில் செபமாலை சொன்னோம். அவன் வந்தா இந்த மாட்டை வித்துட்டு நல்ல ஜோடியா வாங்கணும் என்பார். அவன் வந்தா கூரையைப் பிரிச்சு ஓடு போடணும் என்பார். ஆமா அத்தை என்பேன். சொல்லும்போதெல்லாம் பினாங்கில் இரண்டு பிள்ளைகள் என் கண்ணுக்கு முன்னால் ஓடும். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயசிருக்கும், தங்களைச் சிரிக்க வைக்கிற அப்பா என்று அவரை நினைக்குமா என்றெல்லாம் யோசிப்பேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அவர்மேல் கோபம், வருஷா வருஷம் வருவார் என்று கத்துகிற ஊர்மேல் கோபம், எதிரில் உட்கார்ந்து ஓட்டுக்குக் கணக்குப் போடுகிற கிழவிமேலும் கோபம். ஒருவரிடமும் சொல்ல முடியாத விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் சாப்பிடுவதுபோலக் கொடுமை இல்லை. ஒவ்வொரு தவசுக் காலத்திலும் என் கையாலேயே, மடவளாகத்து வீட்டு மூத்த பிள்ளை, பினாங்கில் என்று முதல் பக்கத்தில் எழுதினேன்.

ஐம்பத்தொன்பது ஜனவரியில், திருச்சி மடத்தில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மதர் கடிதம் எழுதினார்கள். போர்டிங் பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர் வேண்டும், வருகிறாயா என்று. கடிதத்தை வாசித்தபோது எனக்கு மூச்சே லேசானது. ஒரு நிபந்தனை இருந்தது. புருஷன் உள்ள பெண் என்றால் அவர் சம்மதம் வேண்டும், அது முடியாதென்றால் பங்குச் சாமியார் என் நிலைமையைச் சொல்லி ஒரு கடிதம் தரவேண்டும்.

பங்குச் சாமியாரிடம் போனேன். நல்லவர், ஆனால் எதிலும் மாட்டிக்கொள்ளாதவர். ஊரே வருஷம் தவறாமல் உங்கள் புருஷன் வருவார் என்று சத்தம் போடுகிறது, என் காதாலேயே கேட்கிறேன், நான் மட்டும் வரமாட்டார் என்று எப்படி எழுதுவது என்றார். ஊர் முதலில் நிறுத்தட்டும் என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. புருஷன் செத்தவளுக்கு ஊரில் ஓர் இடம் உண்டு. புருஷன் வரப்போகிறவளுக்கும் உண்டு. சௌக்கியமாக இருந்துகொண்டு வேண்டாமென்று விட்டவனுடைய பெண்டாட்டிக்கு எந்த இடம்? சாமியாரிடம் சொன்னால் நாளைக்கே மாமியார் காதுக்குப் போகும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அதனால் என் புத்திக்கு எட்டினதைச் செய்தேன். அந்த வருஷப் பட்டியலில் எங்கள் வீட்டு வரியை எழுதவில்லை. இரண்டாம் பக்கத்திலும் எழுதவில்லை, உயிரோடு இருக்கிறவரைக் கொல்ல எனக்கு மனசில்லை. சும்மா விட்டுவிட்டேன். கூப்பிடாமல் போனால் ஊரும் சொல்லாமல் போகும், சாமியார் கடிதம் தருவார், நான் பஸ் ஏறிவிடுவேன் என்பது என் கணக்கு.

திங்கட்கிழமை வந்தது. கொழுந்தனார் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே போனார். கிழக்குத் தெரு முடிந்து மடவளாகம் வந்தது. மூலை வீட்டைக் கூப்பிட்டார், ஊர் பதில் சொன்னது, மத்தளம் அடித்தது. அடுத்தது எங்கள் வீடு. காகிதத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல் படுதாப் பக்கம் காதைச் சாய்த்தார், வரி மறந்த வேஷக்காரர்கள் எல்லாரும் செய்வது போல. நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பொட்டல் முழுக்க எங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தது.

"மேல போங்க தம்பி" என்றேன்.

அவருக்குக் கேட்டது. அவர் அடுத்த வீட்டுக்குப் போக வாயைத் திறப்பதற்குள், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், வருவான் என்றது. என் மாமியார். யாரும் கூப்பிடவே இல்லை. ஒருவரும் சேர்ந்து சொல்லவும் இல்லை. மத்தளக்காரர் குழம்பிப்போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். அன்றைக்கு மிச்ச நாடகத்தில் நான் வேதசாட்சியின் வரியை ராஜாவுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவரும் சுவிசேஷத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, பிறகுதான் விழித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அது ஒன்றுதான் என் தப்பு.

மறுநாள் காலை கொல்லைப் பக்கம் புளி தட்டிக்கொண்டிருந்தோம். மாமியார் ஓட்டை உடைக்க, நான் கொட்டை எடுத்தேன். திட்டினால் திட்டட்டும் என்று இருந்தேன். அவர் திட்டவில்லை.

"அந்த ராவுத்தரு எங்கிட்டயுந்தான் சொன்னாரு" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அன்றைக்கு ராவுத்தர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு முதலில் இங்கிட்டுத்தான் வந்தாராம். மாமியார் மோர் கொடுத்து உட்கார வைத்தாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருமகளிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டாராம். அந்த மனிதர் அங்கே சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறகு என்னிடமும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். ஐந்து வருஷம் ஒரே அடுப்படியில் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டு, மாட்டுக்கும் ஓட்டுக்கும் கணக்குப் போட்டிருக்கிறோம்.

தெரிந்துமா நேற்றுக் கத்தினீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாக இருந்தது.

"அவனுக்காகவா கத்துனேன்? அவன் போனவன் போனவந்தான். ஊரு அவனை விட்டுருச்சுன்னா ஒனக்கு இங்க என்ன இருக்கு? நீ பொட்டியக் கட்டிருவ. அதான், ஆத்தா, கத்துனேன்."

இதைக் கேட்டு நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பிடித்து வைக்கத்தானா ஐந்து வருஷம் அவன் வருவான் வருவான் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். நீ மட்டும் எதுக்குச் சொன்ன என்று அவர் கேட்டார். உங்களுக்காக என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. புளியை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. நாலாவது ஞாயிறு பூசை முடிந்து, மாமியார் தானே சாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் மகன் வேறு குடும்பம் வைத்துவிட்டான், இனி வரமாட்டான், இந்தப் பெண்ணுக்கு வேண்டிய காகிதத்தை எழுதிக் கொடுங்கள் என்று, ஊர் ஆட்கள் நாலு பேர் நிற்கும்போதே சொல்லியிருக்கிறார். மதர் கடிதம் எழுதிய விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காகிதத்தைக் கொண்டுவந்து என் சேலை மடிப்புமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஜூனில் நான் கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். போயிட்டு வா என்று சொல்வது வழக்கம். அவர் அதைச் சொல்லவில்லை. பஸ் மண்ணைக் கிளப்பிக்கொண்டு திரும்பியபோது, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

திருச்சியில் வேலை நிறைய. நாற்பது பெண் குழந்தைகள், நாற்பது தலை வாரல், நாற்பது வயிற்றுவலி. அந்தக் கூட்டத்திலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேண்டும் என்று கேட்டு வந்த இடம்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் மணி அடிக்கும்போது, எனக்காக யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். மாமியாருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அவருக்கு எழுதத் தெரியாது, பதில் வரவில்லை. நானும் அடுத்ததை எழுதாமல் விட்டேன்.

அறுபதில் பாஸ்குத் திருநாள் முடிந்த வாரம் ஒரு கார்டு வந்தது. கொழுந்தனார் கையெழுத்து, நான் பழக்கிவிட்ட கையெழுத்துத்தான், சொன்னது மாமியார். நாடகம் நல்லபடியாக நடந்தது, வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது என்று இருந்தது. அதற்குக் கீழே, மடவளாகத்து வீட்டுக்கு இந்த வருஷம் ஒன்றுதான் கூப்பிட்டோம், மூத்த மருமகள், திருச்சியில் என்று எழுதியிருந்தது. ஊர் வருவா என்று சொன்னதாகவும் எழுதியிருந்தது.

மருமகளைக் கூப்பிடும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அந்த மண்ணில் பிறந்து வெளியே போனவர்களைத்தான் கூப்பிடுவது. இதற்காக மாமியார் சபைத் தலைவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் போய் உட்கார்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தலைவர் சட்டம் பேசியிருக்கிறார். ராஜாவுக்குப் பதிலாக யாரைக் கூப்பிடுவது என்று என் மகன்தானே சட்டம் போட்டான், அவன் பெண்டாட்டியைக் கூப்பிட நான் போடுகிறேன் என்று இவர் சொன்னாராம். கார்டை நான் போர்டிங் சமையலறைப் பின்பக்கம் நின்று நாலைந்து தடவை வாசித்தேன். கிறிஸ்துமஸ் லீவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, புளி தட்டுகிற சமயமாக இருந்தால் பேசாமல் உட்கார்ந்து தட்டலாம், டிசம்பரில் அதுவும் இருக்காதே என்று யோசித்தேன். உடனே போயிருக்கலாம். பரீட்சை, லீவு, மதர் அனுமதி என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். கௌரவம்தான் காரணம்.

அக்டோபரில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் மாமியார் போய்விட்டார். தந்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் ஈரமாக இருந்தது.

அடுத்த தவசுக் காலத்தில் கொழுந்தனார் திருச்சிக்கு வந்தார், பார்வையாளர் நேரத்தில், வெள்ளைத் தாளோடு. வேறு யார் எழுதினாலும் அவருக்குப் படிக்க வரவில்லை என்றார். அது பொய், இருந்தாலும் எழுத உட்கார்ந்தேன். அவர் வீடு வீடாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டாம் பக்கத்தில், மடவளாகத்து வீட்டுத் தாய் என்று எழுதினேன். முதல் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"ஆத்தா கேட்டுச்சுன்னுதான் போன வருஷம் கூப்புட்டோம் அண்ணி. நீங்க இனிமே அங்க வந்து இருக்கப் போறதில்ல. எடுத்துரவா?" என்றார்.

கேள்வி நியாயமானது. நான் அந்த ஊருக்கு வாழப் போகமாட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருவார் என்று கத்துகிற அந்தச் சத்தத்தை ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவள் நான்.

"இருக்கட்டும் தம்பி. கூப்புடுங்க" என்றேன்.

மூத்த மருமகள், திருச்சியில் என்று என் கையாலேயே எழுதி, மை காய்ந்த பிறகு தாளை மடித்து அவரிடம் கொடுத்தேன்.